வெள்ளை அழுக்கு

அன்பும், அதைவிட அதிகமாகப் பொறுமையும் வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். "அவங்க நலத்தைக் கெடுத்ததே நீங்கதான், அதை நீங்களே விசாரிக்கிறீங்களாக்கும்" என்று பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே உங்கள் அத்தை சொல்கிறாள். இருந்தாலும் கடிதம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆகவே நான் நலம் விசாரித்ததாகவும் நீங்கள் நலம் என்று சொன்னதாகவும் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

போனில் பேசலாம் என்றால் என் மகள் எடுப்பதில்லை. எடுத்த ஒரே தடவையும், "அப்பா, அவரை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வர்ற வியாழக்கிழமை விசாரணை. அதுல என்ன சொல்றாங்களோ அதைப் பொறுத்துத்தான் வேலை இருக்கா இல்லையான்னு தெரியும். தயவுசெஞ்சு இனிமே நீங்க எந்த உதவியும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சின்ன வயதில் பென்சில் சீவுவதற்குக்கூட என்னிடம்தான் ஓடி வருவாள், இப்போது என் உதவியே வேண்டாம் என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் உங்கள் அத்தை மறுப்பாள், ஆகவே இறங்கிய சோறு சுகப்படவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். விமானத்தைச் சுத்தம் செய்யும் ஒரு குழுவுக்கே சூப்பர்வைசராக இருக்கும் மாப்பிள்ளை மாமனாரால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரே பேசுகிறது. ஊர் என்றால் உங்கள் அத்தை. அதனால்தான் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். படித்து முடித்ததும், தப்பு என் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை, நீங்கள் விமானத்தைத் துடைக்க உபயோகிக்கும் மருந்தின் மேல்தான் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

என் கரைசலைப் பற்றி உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் விசாரணையில் கேட்டால் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று மறுபடியும் எழுதுகிறேன். கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளராக நான் வேலை பார்த்த காலத்தில் நானே கலந்து கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது அது. எதில் எதைக் கலந்தேன் என்று உங்கள் அத்தையிடம்கூடச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. மேசையில் எந்த ஜென்மத்துக் கறையாக இருந்தாலும் ஒரே இழுப்பில் போய்விடும். மாணவர்கள் என்னைக் குடுவை சார் என்று கூப்பிட்டதே அதன் மேல் இருந்த மரியாதையால்தான். நான் ஓய்வு பெற்ற அன்று துறைத் தலைவர் மேடையேறி, "இவர் இருந்தவரைக்கும் நம்ம ஆய்வுக்கூடத்துல எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு நம்ம யாருக்குமே தெரிஞ்சதில்ல" என்று சொன்னார், அரங்கமே கைதட்டியது, தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன் என்று இவ்வளவு பேர் நடுவில் சொல்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன். பாட்டில்களின் மேல் எழுதியிருந்த பெயரெல்லாம் அழிந்து கிடந்ததைத்தான் அவர் சொன்னார் என்று உங்கள் அத்தை இன்று வரை சாதிக்கிறாள். அவளுக்கு என்னைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொன்னால் பொறுக்காது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் ஒரு பாட்டில் கரைசல்தான் நான் தரும் அன்பளிப்பு. வாங்கியவர்களில் ஒருவர்கூட இரண்டாவது பாட்டில் கேட்டதில்லை, அவ்வளவு நாள் தாங்குகிறது.

உங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் நீங்கள் எங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்வீர்கள். பயணிகள் முன்வாசல் வழியாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே பின்வாசல் வழியாக உங்கள் ஆட்கள் ஏறிவிடுவார்களாம், ஒருவர் இருக்கைப் பைகளில் கிடக்கும் குப்பையை எடுக்க, ஒருவர் மடக்கு மேசைகளைத் துடைக்க, ஒருவர் சீட் பெல்ட்டுகளை ஒரே மாதிரி குறுக்கே மடித்து வைக்க, ஒருவர் வாக்குவம் கிளீனரோடு பின்னாலேயே நடக்க, அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அத்தனையும் முடிந்து, சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் விமானம் நகருமாம். ஒரு தடவை இருக்கைப் பையில் முழுப் பல்செட்டு கிடைத்ததையும், அதைத் தேடி வந்தவர் வாயைத் திறக்காமல் சைகையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போனதையும் நீங்கள் நடித்துக் காட்டியபோது என் மகள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் நான் என் கரைசலை எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, கண்ணில் தண்ணீர் வரவும் சட்டென்று மூடி, "மாமா, விமானத்துக்குள்ள கம்பெனி ஒத்துக்கிட்ட மருந்தைத் தவிர வேற எதையும் போடக் கூடாது. பெயிண்டு, பிளாஸ்டிக்கு எதுக்கும் கெடுதல் வராதான்னு பாத்துட்டுத்தான் அவங்க குடுப்பாங்க" என்று மரியாதையாகத்தான் சொல்லித் திருப்பித் தந்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் வாங்கி வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. காலமெல்லாம் சோதனைக் குழாய்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு ஏதோ ஒரு கம்பெனிக்காரன் சான்றிதழ் தர வேண்டுமா? மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனதும், சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று உங்கள் சாப்பாட்டு மேசையையும் டிவி ரிமோட்டையும் நன்றாகத் துடைத்து வைத்தேன். என் மகள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மேசையில பளபளப்பையே காணோம்? ரிமோட்ல ஒரு நம்பர்கூட இல்லையே?" என்றாள். இந்தக் காலத்தில் எவ்வளவு மட்டமாக ரிமோட் செய்கிறார்கள் பாருங்கள், ஒரு சுத்தத்தைக்கூடத் தாங்குவதில்லை. அவள் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். பெட்டிக்குள் இன்னும் இரண்டு சின்ன பாட்டில்கள் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பும் அன்று விமான நிலையத்தில் பையைச் சோதனை போட்டவர் அந்த பாட்டில்களில் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "என்ன சார் இது, வாய் கொப்பளிக்கிறதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் அத்தை, "அப்படிக் கொப்பளிச்சிருந்தா இவருக்குப் பேச்சே இருந்திருக்காதுங்க, எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, சின்ன பாட்டில்தானே என்று விட்டுவிட்டார். அங்கேயே அவர் பிடுங்கி வைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. நியாயமாகப் பார்த்தால் விசாரணைக்கு முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.

விமானத்துக்குள் நுழைந்ததும் உங்கள் அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. பெல்ட்டுகள் எல்லாம் குறுக்கே மடித்து ஒரே வரிசையாக இருந்தன, காலடியில் ஒரு தூசு இல்லை, இருக்கைப் பைக்குள் கையை விட்டால் புத்தகத்தைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. "மாப்பிள்ளை கை பட்ட விமானம்" என்று கைப்பிடியைத் தடவிக் கொடுத்தாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஆய்வு என்று வந்துவிட்டால் உறவு பார்க்கக் கூடாது. அவள் ஜன்னலோரம், நான் நடுவில். பையிலிருந்து பழைய வெள்ளைத் தலையணை உறையைக் கிழித்த துண்டுகளை எடுத்தேன், ஒன்றில் நாலு சொட்டு விட்டேன், எனக்கு முன்னால் இருந்த மடக்கு மேசையைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தேன். மாப்பிள்ளை, துணி சாம்பல் நிறமாகிவிட்டது. சரி, முதல் துடைப்பில் வருவது மேலோட்டமான அழுக்கு, அது போய்விட்டது என்று இன்னொரு துண்டால் துடைத்தேன், முன்னைவிட அதிகமாக வந்தது. எதையும் மூன்று தடவை செய்து பார்த்தால்தான் முடிவு என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழக்கம், மூன்றாவது தடவையும் துடைத்தேன், துணியைப் பார்த்து நானே மிரண்டுவிட்டேன். துடைக்கத் துடைக்கக் குறையாமல் கூடிக்கொண்டே போகும் அழுக்கை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. இதில் இன்னொரு தந்திரம் என்னவென்றால் மடக்கு மேசையும் அதே சாம்பல் நிறம், அழுக்கு இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று திட்டம் போட்டுத்தான் அந்த நிறத்தில் செய்திருக்கிறார்கள். கைப்பிடியைத் துடைத்தேன், கறுப்பு அழுக்கு. பெல்ட் போடச் சொல்லி ஒட்டியிருந்த நீலச் சீட்டைத் துடைத்தேன், நீல அழுக்கு. ஜன்னலைச் சுற்றியிருந்த வெள்ளைச் சுவரையும் விட்டுவைப்பானேன் என்று உங்கள் அத்தை மேல் சாய்ந்து துடைத்தேன், துணியில் மாவு பூசினது போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. வெள்ளை நிறத்திலும் அழுக்கு உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். உங்கள் அத்தையிடம் காட்டினேன். "துணியை உள்ள வைங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்றாள். விஞ்ஞானத்துக்கு எப்போதும் வீட்டிலிருந்துதான் முதல் எதிர்ப்பு வரும்.

ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் வலது பக்கம் ஒருவர், கழுத்தில் வளையத் தலையணை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து தூங்குவதற்குத் தயாராக இருந்தவர், என் துணியைப் பார்த்ததும் தூக்கம் போய், "சார், இதுலயா நாம சாப்பிடறோம்? எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார். கேட்பவருக்கு இல்லை என்று சொல்லலாமா, நாலு சொட்டு விட்டுக் கொடுத்தேன். அவர் மேசையிலும் அதே கதை. முன்வரிசையில் இருந்த அம்மா பல் டாக்டராம், எழுந்து திரும்பி நின்று பார்த்துவிட்டு, "நான் நாள் பூரா கையைக் கழுவிக்கிட்டே இருக்கறவ, என்னைக் கொண்டுவந்து இதுல உக்கார வச்சிருக்காங்களே" என்று அவரும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் நான் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, துணி தானாகவே கை மாறியது, தலையணை உறை தீர்ந்துபோய் அவரவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்கள், இரண்டாவது பாட்டிலையும் திறந்துவிட்டேன். முன்னும் பின்னும் எத்தனையோ வரிசைகளில் ஜனங்கள் தோள்பட்டை வலிக்கத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், "எனக்குச் சிவப்பு வருதுங்க", "எனக்குப் பச்சையா வருது" என்று ஆளுக்கு ஆள் அழுக்கைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள், போனில் படம் வேறு பிடித்தார்கள். வளையத் தலையணைக்காரருக்கு உற்சாகம் தாங்காமல் இருக்கை மேல் ஏறி நின்று, தலைக்கு மேல் சாமான் வைக்கும் பெட்டியின் ஓரமெல்லாம் துடைத்தார், வரிசை எண்கள் எழுதியிருப்பது அந்த ஓரத்தில்தான். அதற்கப்புறம் உள்ளே வந்தவர்கள் எந்த வரிசை தங்களுடையது என்று தெரியாமல் நடைபாதையில் பெட்டியும் கையுமாக நின்றுவிட்டார்கள். ஒருவர், "பதினாலு எங்கங்க?" என்று கேட்க, "இதுதான் பதினாலா இருக்கும், இல்லன்னா அடுத்தது" என்று நான்தான் வழிகாட்டினேன். அந்தப் பொறுப்பையும் நான்தான் எடுத்துக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அப்போதுதான் விமானப் பணிப்பெண்களில் மூத்தவராகத் தெரிந்த ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என்ன சார் செய்றீங்க?" என்று கேட்டார். "நீங்க செய்யாததைச் செய்றேம்மா" என்று துணிகளை வரிசையாக விரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்களை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு குழு வந்து சுத்தம் பண்ணிட்டுத்தான் சார் போச்சு" என்றார். இந்த இடத்தில்தான் நான் சொன்னதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழுவைப் பற்றி அவர் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணத்தில், "அந்தக் குழுவுக்கு சூப்பர்வைசர் யாருன்னு நினைக்கிறீங்க, என் சொந்த மாப்பிள்ளைதாம்மா" என்று பெருமையாகத்தான் சொன்னேன். "அப்படியா, அவர் பேர் என்ன சார்?" என்றார். "பேரை நான் வேற சொல்லணுமா, சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பாரே, அதைப் பாருங்க" என்றேன். உங்கள் அத்தை என் தொடையில் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது. பல் டாக்டரம்மா மட்டும், "பாவம், சொந்த மாமனாரே சொல்றார்னா அந்த மனுஷன் எப்படித்தான் வேலை பாக்கறாரோ" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னார். அது எனக்கு வருத்தமாக இருந்தது. திரும்பி, "அவர் தங்கமான பிள்ளைம்மா, மருந்துதான் சரியில்ல" என்று உங்களுக்காக வாதாடினேன். அதை என் மகளிடம் அவசியம் சொல்லவும்.

பிறகு விமானத்தை ஓட்டுகிறவரே எழுந்து வந்தார். துணி ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார், அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு மேசை மேலும் விரிக்கக் காகிதம் கொடுத்தார்கள், வரிசை எண்களைப் பேனாவால் எழுதி ஒட்டினார்கள், விமானம் வெகு நேரம் கழித்துத்தான் புறப்பட்டது. வழியெல்லாம் வளையத் தலையணைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு உருப்பட்டுடும் சார்" என்றார். உங்கள் அத்தை ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் ஒரு அதிகாரி காத்திருந்து, துணிகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். நான் கையெழுத்துக்குக் கீழே 'ஓய்வு, வேதியியல் துறை' என்றும் எழுதினேன், வழக்கமாக எழுதுவதுதான். அதைப் படித்ததும் அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். வேறு யாராவது எழுதியிருந்தால் குப்பையில் போட்டிருப்பார்களாம், வேதியியல் துறையிலிருந்து வந்த புகார் என்பதால்தான் மேலே வரைக்கும் போயிருக்கிறது என்று என் மகள் அந்த ஒரு தடவை பேசியபோது சொன்னாள். என் படிப்புக்கு வெளியே எவ்வளவு மதிப்பு என்பது அவளுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை, வியாழக்கிழமை விசாரணையில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. "ஐயா, என் ஆட்கள் மேல தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல, நீங்க குடுக்கற மருந்து அழுக்கை எடுக்கல. என் மாமனார்கிட்ட ஒரு கரைசல் இருக்கு, எந்த விமானத்துல வேணும்னாலும் துடைச்சுப் பாருங்க, அழுக்கு எவ்வளவு வருதுன்னு நீங்களே பாப்பீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நானே ஒரு பெரிய கேன் கரைசலோடு வந்து அதிகாரிகள் முன்னால் ஒரு முழு விமானத்தையும் துடைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். இதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளவும், இதற்குப் பெயர் உதவி அல்ல.

நீங்கள் இருவரும் எப்போதும் போலச் சேர்ந்து சிரித்துக்கொண்டு, குறைவில்லாமல் நீடு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தையும் ஆசீர்வதிக்கிறாள், அவள் ஆசி தனி, என்னுடையதோடு சேர்க்கக் கூடாதாம். என் மகளிடம் அப்பா கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையைத் தவிர வேறொன்றும் நினையாத
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் ஒரு வரியையும் விசாரணையில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம். கடிதத்தை மடித்து உறைக்குள் போடும் சமயத்தில் உங்கள் அத்தை, "அவர் வேலைதான் போச்சு, படத்துலயாவது தூசு இல்லாம இருக்கட்டும்" என்று கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினாள், பெரிதாக பிளாஸ்டிக் பலகையில் அச்சடித்து நீங்களே தந்தீர்களே, அதுதான். எனக்கும் மனது கேட்கவில்லை, வீட்டில் இருந்த கரைசலில் கொஞ்சம் தொட்டு உங்கள் முகத்தைத்தான் முதலில் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது. இவ்வளவு தூசா என்று ஆச்சரியப்பட்டு நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, உங்கள் மீசை படத்தில் இல்லை, என் கையில் இருக்கிறது.

உங்கள் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன், சொல்லாததால் யோசித்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் துடைத்தேன், அதன் பெயர் துணிக்கு வந்துவிட்டது. அதுவும் பழைய பெட்டிதானே என்று, கடையிலிருந்து வந்து இன்னும் மேலே சுற்றியிருக்கும் தாளைக்கூடப் பிரிக்காத ஒரு நீல வாளி இருந்தது, அதைப் பிரித்துத் துடைத்தேன். அந்த வாளியில் யாரும் குளித்ததில்லை, அது விமானத்தில் பறந்ததுமில்லை. துணி நீலமாகிவிட்டது. மூன்று தடவை செய்து பார்த்தாயிற்று, இனி முடிவைச் சொல்லியாக வேண்டும். விமானத்தில் இருந்து வந்தது அழுக்கு இல்லை, விமானம். வெள்ளை அழுக்கு என்று ஒன்று கிடையாது. உங்கள் ஆட்கள் அன்றைக்கு அந்த விமானத்தைப் பளிங்கு மாதிரிதான் வைத்திருந்தார்கள், அதைக் கெடுத்தவன் நான். ரிமோட்டைச் செய்தவனையும் திட்டியிருக்கிறேன், அவன் யாரோ எவனோ, அவனிடமும் மன்னிப்புக் கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை முதலிலிருந்து திருத்தி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் குணம் எனக்குத் தெரியும், மறுபடி எழுத உட்கார்ந்தால் மறுபடியும் எனக்கு நியாயம் கண்டுபிடித்துவிடுவேன், அதனால் அப்படியே அனுப்புகிறேன். வாளித் துணியையும் மீசைத் துணியையும் தனித்தனியாக உறையில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், விசாரணைக்குக் கொண்டுபோகவும். கரைசலை மட்டும் இதில் வைக்க முடியாது, உறையில் எழுதிய உங்கள் விலாசம் அழிந்துவிடும். என் பையைச் சோதனை போட்டவர் மேல் நான் சொன்ன குற்றத்தையும் வாபஸ் வாங்குகிறேன். வியாழக்கிழமை நானே நேரில் வந்து, 'ஓய்வு, வேதியியல் துறை' என்று எந்தக் கையால் எழுதினேனோ அதே கையால், எனக்கு வேதியியல் தெரியாது, பாட்டில் கழுவத்தான் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உங்கள் அத்தை கூட வருகிறாள். மீதிக் கரைசலை அவள் கழிவறையில் கொட்டிவிட்டாள். அது இப்போது எப்படிப் பளபளக்கிறது என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப் போவதில்லை.

படத்தைத் திரும்பவும் அதே ஆணியில்தான் மாட்டியிருக்கிறேன். அதில் உங்கள் முகம் இருந்த இடம் வெறும் மங்கலாக இருக்கிறது, பக்கத்தில் என் மகள் அந்த மங்கலைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுத வெட்கமில்லை. அவளிடம் சொல்லுங்கள், அப்பா இந்தத் தடவை உதவி செய்ய வரவில்லை, ஒப்புக்கொள்ளத்தான் வருகிறார் என்று. அதற்காவது போனை எடுக்கச் சொல்லுங்கள்.